தேர்தலுக்கு மறுநாள் தபாலில் போடும் கடிதம்

அன்புள்ள பிரிட்டாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அலாஸ்காக் குளிரில் உன் இருமல் விட்டதா என்பதுதான் தெரியவில்லை.

எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தேர்தலுக்கு இன்னும் பதினாறு நாள். உன் பெரியம்மா லின்னேயா பிரதிநிதிகள் சபைக்கு நிற்கத் தீர்மானிப்பதற்கு முன்பே நான் இந்த முற்போக்குக் குழுவில் சேர்ந்துவிட்டேன், குழுவும் கேள்வித்தாள் கொடுத்து, நேரில் விசாரித்து, உறுப்பினர்களிடம் வாக்கெடுத்து அவளையே ஆதரிக்கிறது. வேட்பாளரைச் சாராமல் தன் சொந்தச் செலவில் துண்டறிக்கை அச்சடித்து எங்களை வீடு வீடாக அனுப்புகிறது. அதனால் குழுவில் இருப்பவர்கள் பிரசாரத்தைப் பற்றி வேட்பாளரோடு ஒரு வார்த்தைகூடக் கலந்து பேசக்கூடாது, அது சட்டம். கூடப் பிறந்தவளுக்கும் விலக்கில்லை.

இரண்டு வாரம் முன்பு வடக்குச் சாலையில் பால்பண்ணைக்கார ஆர்வில், "கறவை நேரத்துல வந்து கதவைத் தட்டுறியே, மாடா வந்து ஓட்டுப் போடும்?" என்று ஆரம்பித்தார். பிறகு, "உங்க அக்கா பிரசவ ஆஸ்பத்திரிய மூடப் போறாளாமே. இல்லைன்னா இங்க வந்து அவ வாயால சொல்லட்டும், போடுறேன்" என்றார். அந்தச் சாலையில் பதினோரு வீட்டிலும் இதே பேச்சு. மூடக்கூடாது என்று மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவள் அவள். குழுவின் தலைமையகத்துக்கு எழுதினேன். நன்றி, குறித்துக்கொண்டோம் என்றார்கள். மறுவாரமும் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றிய துண்டறிக்கைதான் வந்தது.

இன்று மதியம் லின்னேயா சாப்பிட வந்தாள். வடக்கே எல்லாம் நம்ம பக்கம்தான், இனிமேல் தெற்கேதான் சுற்றப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லத் தொடங்கினாள். நான் எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தேன். மூன்றாவது தடவை எழுந்தபோது, "என்னடி, வாயத் திறந்தாலே ஓடற? வானிலை மட்டும்தான் பேசணும்னா வீட்டுல ரேடியோகூட உக்காந்து சாப்பிட்டிருப்பேனே" என்றாள். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன தேர்தலில் எதிர்த்தரப்பு வேட்பாளரும் அவரை ஆதரித்த குழுவும் இப்படித் திரைமறைவில் பேசிக்கொண்டதை ஊர்க்கூட்டத்தில் எழுந்து தட்டிக்கேட்டவள் நான்.

உனக்கு எழுத உட்கார்ந்ததும் மனம் லேசானது. ஆர்வில் சொன்னதை எழுதி முடித்தபோதுதான் ஏன் என்று புரிந்தது. நீ அவளோடு தினமும் போனில் பேசுகிறவள். இதைத் தபாலில் போட்டால் ஐந்தாம் நாள் அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே உறையை ஒட்டி மேசைக்குள் வைக்கிறேன். தேர்தலுக்கு மறுநாள்தான் போடுவேன். நீ படிக்கும்போது முடிவு உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இப்போது தெரியாது. கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நிம்மதியாக இரு, மகளே. ஒன்று மட்டும் மறக்காதே. வடக்குச் சாலையில் அவள் தோற்றிருந்தால், அங்கே நடந்த பேச்சு எனக்கு முன்பே தெரியும் என்பதை என் வாயால்தான் அவளிடம் சொல்லவேண்டும். நீ முந்திக்கொள்ளாதே.

உன் அம்மா,
மாரிட்