நிற்கத் தெரியாத கார்

டூசான்

அன்புள்ள அப்பா,

மிச்சிகன் குளிரில் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். இன்று காலை காப்பி போடுவதற்கு முன்பே கராஜுக்குப் போய், நீங்கள் என்னிடம் விட்டுப்போன உங்கள் பழைய காரின் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். ஒரு வாரமாக எழுந்ததும் அதுதான் வேலை.

பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். புது எஞ்சினைப் பொருத்திய பிறகு முதல்முறையாகத் தெருவில் ஓட்டினேன். திருப்பத்தில் மிதித்ததும் பெடல் தரைவரை இறங்கிவிட்டது. பின்சக்கரத்துக்குப் போகும் பழைய குழாய் வெடித்திருந்தது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில் போவதால் எந்தச் சக்கரத்திலும் பிரேக் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு டார்லீனின் வேலியில் இடித்து நின்றேன்.

"ஏம்மா, ஓடுறதுக்கு அவ்ளோ பெரிய எஞ்சின் வாங்கினியே, நிக்கிறதுக்கு என் வேலிதான் கெடச்சுதா?" என்றார் அவர். நானும் சிரித்தேன்.

குழாயை மாற்றிவிட்டேன். ஆனால் கோடையில் இங்கே வந்து, தம்பி ராயின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நீங்களே ஓட்டப்போவதாகச் சொன்னீர்களே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பழைய கராஜ் சட்டையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை: முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி எண்ணெய் வழியுள்ள புது பிரேக் போடப்போகிறேன்; ஒன்று வெடித்தாலும் மற்றது பிடிக்கும். "பிரேக்கை மாத்தினா அது என் வண்டியே இல்ல" என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதில்தான் ஏறுவார்கள்.

மார்லா