அத்தை கொண்டுவந்த மூன்று புறாக்கள்

ஜனவரி 6, செவ்வாய்

பிசியோதெரபிக்கு பிரபா அக்கா வந்தார். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டராம். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவளுக்கு நல்ல பதவி உயர்வு.

இன்றைய மருத்துவக் கருவி: அப்பாவின் பழைய காக்கிச் சட்டைக் கையில் மணல் நிரப்பித் தைத்தது. வாதம் வந்த வலது காலில் அதைக் கட்டித் தூக்க வேண்டும். நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டியவர் அரைக் கிலோ மணலை முறைத்துப் பார்த்தார்.

"தூக்குங்கண்ணா" என்றார் அக்கா.

"நாளைக்குத் தூக்கறனுங்க."

ஜனவரி 9

"நாளைக்கு."

ஜனவரி 13, செவ்வாய்

"யாரு சோறு ஊட்டறது?" என்று அக்கா கேட்டார். நான். "தண்ணி?" நான். "அப்புறம் அந்தக் கை எதுக்கு வேலை செய்யும்?"

சிந்தினால் துடைப்பதும் நான்தான். அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

போகும்போது, "அம்மா தறிக்குப் போயிடறாங்க. பகல்ல அவரு தனியா இருந்தாத்தான் ஜூன்ல நீ பள்ளிக்கூடம் போக முடியும்" என்றார்.

போகணும்னு நான் எப்போ சொன்னேன்? நான் யாரிடமும் எதையும் சொல்வதில்லையே. ஆணியில் தொங்கும் புத்தகப் பையைப் பார்த்திருப்பார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மேச்சேரியிலிருந்து ஆத்தாயி அத்தை வந்தார். கூண்டில் மூன்று புறா. அறுத்து, ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் அப்பாவின் வாதம் ஓடிவிடுமாம். மேச்சேரியில் அத்தையின் பக்கத்து வீட்டு காளிதாஸ் வளர்த்தவை. திறந்துவிட்டால் நேராக அவர் வீட்டுக்கே பறந்துவிடும் என்று எச்சரிக்கை வேறு.

ஓடப்போவது வாதமா அப்பாவா என்று கேட்க நினைத்தேன். வழக்கம்போல் கேட்கவில்லை.

"செவ்வாக்கெழம அறுத்தாத்தான் பலிக்கும் சாமி." அதுவரை தீனி போடுவது யார்? டாக்டர்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அத்தை கத்தியை எடுக்கவும் பிரபா அக்கா வரவும் சரியாக இருந்தது.

"ரத்தம் வேண்டாம். புறா இருக்கட்டும்" என்றார் அக்கா. கூண்டை வாசல் வேப்பமரத்தில் தொங்கவிடணும். அப்பா நடந்துபோய், வலது கையால் கம்பு மணிகளைப் பொறுக்கிப் போடணும். நான் போடக் கூடாது.

"பட்டினியில செத்துப்போச்சுன்னா?" என்றார் அத்தை.

"நீங்க அறுத்தாலும் சாகறதுதானுங்களே."

அத்தை அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கத்தியோடு.

பூனைக்குப் பயந்து, கூண்டுக் கொக்கியில் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன்.

பிப்ரவரி 4

கட்டிலிலிருந்து மரம் இருபத்தாறு எட்டு தூரம். அப்பா ஆறாவதிலேயே உட்கார்ந்துவிட்டார். தீனியை நானே போட்டேன். யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 5

தெரிந்திருக்கிறது. "நீ போட்டீன்னா அதுங்க என்னைய எதுக்குப் பாக்கும்?" என்றார் அப்பா. இன்று பதினோரு எட்டு.

பிப்ரவரி 20

மரம் வரை போய்விட்டார், கைத்தடியோடு. பத்து கம்பு மணி எடுத்தால் கூண்டுக்குள் விழுவது இரண்டு. மீதி கோழிக்கு. ஊரிலேயே கொழுத்த கோழி இப்போது எங்களுடையது. கிளீனரைத் திட்டுவதுபோல் புறாக்களைத் திட்டுகிறார். ஆறு மாதத்தில் இவ்வளவு பேசியதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

தானே சாப்பிட்டார். தட்டில் பாதி, பனியனில் பாதி. ஊட்டப் போகாமல் இருக்க என் கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். எனக்கும் ஒரு பயிற்சி.

ஏப்ரல் 2

அப்பா விழுந்துட்டாரு. துணி காயப்போட்ட ரெண்டு நிமிசந்தான் — ஐயோ, நான் எதுக்குப் போனேன்? முழங்கையில ரத்தம். தெருவே வந்து நின்னு ஆளுக்கொரு யோசனை சொல்லுது. "பொட்டப்புள்ளைய நம்பி விட்டா இப்படித்தான்." யாருக்கும் வாய் வலிக்கவே இல்ல. எல்லாம் என்னாலதான். பள்ளிக்கூடமாம் பள்ளிக்கூடம். அந்தப் பையை எடுத்துப் பரண்மேல போட்டுட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அக்கா காயத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எப்படி எந்திரிச்சாரு?"

மரத்தைப் பிடித்து, தானே. நான் ஓடிப்போகும்போது நின்றுகொண்டிருந்தார். அதை நான் கவனிக்கவே இல்லை.

ஜூன் 8, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போனேன். அம்மா தறியில். அப்பா முதல்முறையாக மூன்று மணி நேரம் தனியாக.

"மறுபடி சேரணுங்க" என்று சொல்ல எனக்கு மூன்று தடவை ஆனது. மூன்றாவதில்தான் சத்தம் வந்தது. ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படிவத்தைத் தள்ளினார். இதற்கா ஐந்து மாதம் யோசித்தேன்?

ஓமலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அத்தையின் போன்.

"ஏஞ்சாமி, மூணு புறாவும் காளிதாஸ் ஊட்டுக் கூரை மேல வந்து குந்தியிருக்குது. கூண்ட ஆரு தொறந்தது?"

நான் முறுக்கிய கம்பி. மூன்று சுற்று. காலையில்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

"ஊட்டுல அப்பா மட்டுந்தானுங்க அத்தை இருக்கறாரு."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"ரத்தத்தத் தேச்சிருந்தா சித்திரைக்கே நடந்திருப்பான்" என்றார்.