தென்கரையில் பச்சை

என் வீட்டுக்காரருக்கு,

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று காலடிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, சொல்லாமலே நீங்கள் ஆராய்ச்சி செய்யும் ஏரிக்கு வந்தேன். தென்கரையில் விஷப்பாசி படரும் என்று நீங்களும் உங்களோடு வேலை செய்யும் யசோதராவும் முன்கூட்டியே கணித்துச் சொன்னதால்தான் மாடுகள் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் பிழைத்தன என்று கரையில் பேசிக்கொண்டார்கள். பெருமையாக இருந்தது.

அப்போது படகிலிருந்து கத்தினீர்கள்: "யசோ, நாம சொன்ன எடத்துலயே வந்துகீது பாத்தியா!" அவள் உங்கள் தோளைத் தட்டிச் சிரித்தாள்.

என்னிடம் ஒருநாளும் நீங்கள் அப்படிச் சந்தோஷமாகக் கத்தியதில்லை. பாசியைப் பற்றிக் கேட்டாலே, "உனக்கு இன்னா புரியும்?" என்பீர்கள். உங்களைக் கூப்பிடாமலே திரும்பிவிட்டேன்.

அடுத்த முறை நானும் வருவேன். படகில் இருவருக்குத்தான் இடமென்றால், அவள் கரையில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி