இரண்டாம் தாள்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். "இந்தக் காலத்துல யாருடி கடுதாசி போடுறா?" என்று நீ சிரிப்பாய். எங்கள் வீட்டில் இரண்டே அறை, ஃபோனும் ஒன்றுதான். நான் ஹலோ சொன்னாலே மாமியார், மாமனார், கொழுந்தன் மூன்று பேருக்கும் காது நீண்டுவிடும். இந்த விஷயம் அவர்கள் காதில் விழுந்தால் என் மானமே போய்விடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எட்டாம் மாதம் தொடங்கியதும் எனக்கு மூலம் வந்திருக்கிறது. பின்பக்கம் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. வெளிக்குப் போனால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது, துடைத்தால் இரண்டு சொட்டு ரத்தம். கவுண்டருக்கு மாற்று ஆள் வந்தால்தான் எழுந்திருக்க முடியும். அதுவரை எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு, "சில்லறை இருக்காங்க?" என்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவரிடமும் சொல்லவில்லை. லாரியை எடுத்துக்கொண்டு போனால் பத்து நாள். வீட்டுக்கு வந்த மனுஷனிடம் இதையா சொல்வது? டாக்டரம்மாவிடம் சொல்லலாமென்றால் மாமியாரும் கூடவே உள்ளே வந்துவிடுகிறார். நீ பதினோரு வருஷமாகப் பிரசவ வார்டு நர்ஸ். நீயே ஒரு வழி சொல். யாரிடமும் மூச்சு விடாதே, என் மேல் சத்தியம்.

உன் வாலு


மார்ச் 9

என் வாலுக்குட்டிக்கு,

அடி அசடே, இதற்கா மானம் போகிறது? எங்கள் வார்டில் பாதிப் பேர் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வயிறு பெருக்கப் பெருக்க, கர்ப்பப்பை கீழே இருக்கிற ரத்தக்குழாய்களை அழுத்துகிறது. அவை வீங்கிவிடுகின்றன. மலச்சிக்கலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். அதற்காக நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்.

அகலமான பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. நிறையத் தண்ணீர் குடி. கீரை, பழம், தோல் நீக்காத பயறு சாப்பிடு. முக்காதே, அடக்காதே. மாற்று ஆள் வராவிட்டால் கவுண்டரை மூடிவிட்டுப் போ, பஸ் ஒன்றும் அழாது. படுக்கும்போது இடது பக்கமாகப் படு. எரிந்தால் ஈரத்துணியை மடித்து வை. கடையில் கண்ட களிம்பை வாங்கித் தடவாதே. பிரசவமானதும் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். வெளிக்குப் போனபின் சொட்டு ரத்தம் வந்தால் பயந்து சாகாதே.

தாள் தீர்ந்துவிட்டது, இன்னொன்று எடுத்திருக்கிறேன். இதைக் கவனமாகப் படி. கழிவறைக்கே போகாத நேரத்தில் உடுப்பில் ரத்தம் பட்டால் அது மூலமில்லை. வலியே இல்லாவிட்டாலும் சரி, அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடு. எனக்கு எழுதிக்கொண்டு உட்காராதே. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாய்ப்பக்கம் கீழே இருக்கிறது, மறுபடி பார்க்க வேண்டும் என்றார்களே, பார்த்தாயா? சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன். நீ உன்னைக் காப்பாற்றிக்கொள்.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நீ மகராசி! டப் வைத்தியம் மூன்றே நாளில் கேட்டது. எரிச்சல் பாதியாகிவிட்டது. டப்பில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி கிடந்தேன், தெரியுமா? "உள்ள என்னடி பண்ற?" என்று மாமியார் கதவைத் தட்டினார். "கால் வீக்கத்துக்கு ஒத்தடம் அத்தை" என்று புளுகிவிட்டேன்.

உன் கடிதத்தையும் குளியலறையில் வைத்துத்தான் படித்தேன். முதல் தாளை முடித்தபோதே கதவு தட்டுகிற சத்தம். பதற்றத்தில் இரண்டாவது தாள் வாளிக்குள் விழுந்துவிட்டது. மையெல்லாம் கரைந்து ஒரு எழுத்தும் தெரியவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். பரவாயில்லை, வைத்தியமெல்லாம் முதல் தாளிலேயே இருக்கிறது. இரண்டாவதில் வழக்கம்போல அத்தானைத் திட்டியிருப்பாய்.

முந்தாநாள் கவுண்டரிலிருந்து எழுந்தபோது நாற்காலி மெத்தையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். அன்று வெளிக்கே போகவில்லை. நெடுநேரம் உட்கார்ந்ததால் இருக்கும். மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இன்று காலையும் கொஞ்சம் வந்தது. நீதான் ரத்தத்துக்குப் பயப்படாதே என்று எழுதியிருக்கிறாயே, அதனால் தைரியமாக இருக்கிறேன். வலி துளிக்கூட இல்லை அக்கா, அதுவே பெரிய நிம்மதி.

உன் வாலு


மார்ச் 20, மதியம்

வாலு,

உன் கடிதம் இன்று காலைதான் கையில் கிடைத்தது. படித்ததும் உங்கள் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். சத்தியத்தை மீறிவிட்டேன். நீ வேலைக்குப் போயிருப்பதாக உன் மாமியார் சொன்னார். மூலம், ரத்தம் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

"மூலமா? கால் வீக்கம்னுல்ல சொன்னா?"

"அது மூலமும் இல்லைங்க. நஞ்சுக்கொடி புள்ள வர்ற வழியை அடைச்சுக்கிட்டு இருக்கலாம். அவ உயிருக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. இப்பவே கவுண்டருக்குப் போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். ஃபோன் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் எத்தனை தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

நான்கு மணி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். முதல் வரியில் எழுத வேண்டியதை இரண்டாம் தாளுக்குத் தள்ளியவள் நான். பதினோரு வருஷ நர்ஸாம்! ஒவ்வொரு நாளும் எத்தனை பெண்களிடம் வாய் ஓயாமல் சொல்கிறேன். உனக்குச் சொல்லும்போதுதான் வேடிக்கையை முன்னால் வைத்தேன். நீ திட்டு, அடி, பேசாமல் கூட இரு. கண்ணைத் திறந்துகொண்டு இரு, அது போதும்.

உன் அக்கா


மார்ச் 22

அக்கா,

நீ வராந்தாவிலேயே நிற்கிறாயாம், துணைக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுகிறார்களாம். உன் கடிதத்தை ஆயாம்மா கொண்டுவந்து கொடுத்தார். இதையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அத்தை கவுண்டருக்கு வந்தபோது வரிசையில் ஆட்கள் நின்றிருக்க, என் காலடியில் தரையெல்லாம் ரத்தம். அப்புறம் எனக்கு நினைவில்லை. வயிற்றைக் கிழித்து எடுத்திருக்கிறார்கள். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். மூச்சை இன்னும் இயந்திரம்தான் விடுகிறது.

அத்தை என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுதார். "மூணு புள்ளைக்கும் எனக்கும் இந்த மூலம் இருந்துச்சுடி. நானும் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல. நீ சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு ஓடியிருப்பேனே." இரண்டு பேரும் ஒரே குளியலறைக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம் அக்கா.

எத்தனை நாளாக ரத்தம் என்று அன்று கண் விழித்ததுமே கேட்டார்கள். அப்போதும் "இன்னைக்குத்தான்" என்றேன். இன்று குழந்தை டாக்டர் வந்து, "பாப்பா வெளுத்துப் போயிருக்காம்மா, உண்மையைச் சொன்னாதான் வைத்தியம் பார்க்க முடியும்" என்றார். அத்தை பக்கத்தில் இருந்தார். லாரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்த உன் மாப்பிள்ளை வாசலில் நின்றார். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "எட்டு நாள்" என்று சொன்னேன். டாக்டர் அதை எழுதிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், தங்கைக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், வார்டில் யாருக்கோ சொல்கிற மாதிரி எழுதி அனுப்பு. முதல் நாளே வந்திருந்தால் இவள் தானாக மூச்சு விட்டிருப்பாளா?

ஆயாம்மாவை உன் பதிலுக்காக அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை