எங்கள் வீட்டுப் புதுச் சாமி

ஸ்ரீரங்கம்
தாது வருஷம், ஆனி 12

ரங்கூனில் இருக்கும் சிரஞ்சீவி வீரமலைக்கு அம்மா எழுதுவது. நான், உன் அப்பா, நீ இன்னும் கண்ணால் பார்க்காத தங்கச்சி வேலம்மாள், விறகு மூலையில் பிறந்திருக்கும் மூன்று பூனைக்குட்டிகள் எல்லாரும் சுகம். உனக்கு இருமல் விட்டதா, உடனே எழுது.

சாமியெல்லாம் பெரியவர்கள் புகட்டுவதுதான், புகட்டாமல் வளர்த்தால் எந்தக் குழந்தையும் கும்பிடாது, வேணும்னா பந்தயம் என்று இவள் பிறந்தபோது எழுதினாய் அல்லவா. நானும் சரி என்றேன், மூன்று வருஷமாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். சாமி படங்களைப் பெட்டியில் பூட்டினேன். உன் அப்பா நாமத்தை வாசலிலேயே அழித்துவிட்டுத் திருடன் மாதிரி உள்ளே வருகிறார். கோபுரம் என்னம்மா என்று கேட்டாள், பெரிய வாசல் என்றேன். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு பிழைப்பு! சுவரில் மிச்சம் இருந்தது உன் போட்டோ ஒன்றுதான். அதுதான் வினை. உன் பிஸ்கட் டப்பா வந்ததும் அண்ணன் அனுப்பினது என்று போட்டோவைக் காட்டினேன். மறுநாள் போட்டோவிடம் போய்ப் பூனைக்குட்டி கேட்டிருக்கிறாள். நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பூனை நம் விறகுக்குள் புகுந்து மூன்று போட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? எழுந்ததும் உனக்கு ஒரு கும்பிடு. தோசையில் பாதி உனக்கு. மழை வந்தால் நீ அனுப்பினது, முழங்காலில் அடிபட்டால் நீ கோபித்துக்கொண்டது. சாமியே இல்லை என்றவன் சாமியாகி உட்கார்ந்திருக்கிறாய் போ!

போன வெள்ளிக்கிழமை நான் கொல்லையில் இருந்தபோது, என் கனகாம்பரச் சரத்தை எடுத்து, முக்காலி போட்டு ஏறி உன் போட்டோவுக்கு மாட்டிவிட்டாள். கீரை விற்கிற இருதயமேரி உள்ளே எட்டிப் பார்த்தாள். மாலை போட்ட போட்டோவைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? கூடையைப் போட்டுவிட்டு, ஐயோ என் ராசா, கப்பலேறிப் போனவனை மாலையோட பாக்கறேனே என்று மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. என்ன ஏது என்று தெரியாமல் நானும் சேர்ந்து அழுதேன். வாழைத்தோப்பிலிருந்து ஓடி வந்த உன் அப்பாவுக்கு வேட்டி எந்த வேலியில் போயிற்று என்று இன்றுவரை தெரியாது. இத்தனை பேருக்கும் நடுவில் உன் தங்கச்சி, சத்தம் போடாதீங்க, அண்ணன் சாப்பிடுது என்றாள். அப்புறம் சிரித்தோம் பார், வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் வீரமலை, அந்த அரை நாழிகை நீ எனக்கு இல்லாமல் போயிருந்தாய்.

பந்தயத்தில் நான் ஜெயித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன். தினமும் பால் காய்ச்சும்போது அந்தப் போட்டோவோடு நானும் பேசுவது உண்டு, சாப்பிட்டியாடா, தூங்கினியாடா என்று. அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாளோ, தானாகத்தான் வந்ததோ, யார் கண்டது. அதனால் ஆவணிக்குள் லீவு போட்டு வா. அவள் எதிரே உட்கார்ந்து தோசை தின்னு, தும்மு, என்னிடம் திட்டு வாங்கு. போட்டோவைக் கழற்றிவிடுகிறேன். வெறும் ஆணியைப் பார்த்தும் அவள் கும்பிட்டால் நான் ஜெயித்தேன், இல்லையென்றால் நீ.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நூறு வயசு நன்றாக இரு. யார் காப்பாற்றுவார் என்று எழுதினால் கோபிப்பாய், பெட்டிக்குள் இருப்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று மறந்துவிடாதே, உன்னிடம் நாய்க்குட்டி கேட்டு அவள் மூன்று நாளாகக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
சாமியைப் பெற்ற அம்மா
பொன்னுத்தாய்