மீசை ஒட்டிய நாயகியும் எதிர்வீட்டு மாமாவும்

நான் கூப்பிட்டால் இரண்டாவது குரலுக்குத்தான் திரும்பிப் பார்க்கும் என் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. கேபிள் டிவியில் நாம் பார்த்த அந்தக் கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படத்தைப் போன மாதம் செல்போனில் மறுபடி பார்த்தேன். கல்யாணத்தை நிறுத்திவிட்டுப் போன பணக்காரனைப் பழிவாங்க, நாயகி மீசை ஒட்டிக்கொண்டு அவனிடமே டிரைவராகச் சேருவாளே, அந்தப் படம்.

மீசை சூப்பில் விழும் இடத்தில் நீ உருண்டு உருண்டு சிரிப்பாய். இந்தத் தடவைதான் ஒன்றைக் கவனித்தேன். நம்மைச் சிரிக்க வைக்க அவள் ஓரிடத்திலும் முயலவில்லை. பசை தடவும்போது அவள் கண்ணில் இருப்பது நிஜக் கோபம். அதனால்தான் அத்தனை சிரிப்பு வருகிறது. ஆனால் கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிறாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முதல் நாளே அவளை அடையாளம் தெரிந்தும், கூடவே இருக்கலாம் என்று வாய் திறக்காமல் காரில் வந்தானாம். “அதாம்ட்டி காதல்” என்பாய். போதும் போ.

நம் தெருவுக்கும் ஒருவர் வேஷம் போட்டு வந்தார். உனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். வாடகைக்கு வீடு தேடுகிறவர் மாதிரி வந்து, எதிர்வீட்டு மாமாவிடம் உன்னைப் பற்றித் துப்பு விசாரித்தார். “அந்தப் புள்ள இங்கிலீஷ் படத்தப் பாத்துட்டுத் தன்னால கெக்கெக்கேன்னு சிரிக்கும் வே. கொஞ்சம் ஒரு மாதிரி” என்றாராம் மாமா. சம்பந்தம் முறிந்தது. சங்கரன்கோவில் முழுக்க அந்தப் பேச்சு பரவியது. கடைசிவரை உன்னைக் கேட்டு வேறு யாரும் வரவில்லை. அந்த மாப்பிள்ளையை உனக்குப் பிடித்திருந்ததா, அக்கா? நான் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

இப்போது நடந்ததைக் கேள். படம் பார்த்த மறுவாரம் புளியங்குடியிலிருந்து ஒரு அம்மா என்னிடம் ரவிக்கை தைக்க வந்தாள். துணியும் இல்லை, அளவு ரவிக்கையும் இல்லை. கண் மட்டும் எதிர்வீட்டில். மாமாவின் மகள் எப்படி என்று மெல்லக் கேட்டாள்.

மாமா உன்னைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகளை ஒன்று குறையாமல் சொன்னேன். அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டாள். “எம் மவனும் போனப் பாத்துத் தன்னால சிரிச்சுக்கிட்டுத்தான் கெடக்கான். ரெண்டுக்கும் சரியாத்தான் இருக்கும்” என்று எழுந்து போனாள். உன் வாழ்க்கையை முடித்த பேச்சு இன்றைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

நேற்று மாமா மகளோடு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். “நீ நல்ல வார்த்த சொன்னதுனாலதான் முடிஞ்சிது மக்கா” என்றார்.

“கெடுக்கத்தான் சொன்னேன் மாமா. நீங்க எங்க அக்காவப் பத்திச் சொன்னதத்தான் சொன்னேன்.”

அவர் முகம் செத்துப்போனது. மகள்தான் கேட்டாள். “அந்த அக்காவப் பத்தி என்னப்பா சொன்னீங்க?”

அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். இனி அவள் கல்யாணத்தில் கைவைக்க மாட்டேன். தாலி ஏறட்டும். ஆனால் அவள் கேட்டதற்கு அவர் வாயாலேயே, உன் பேரைச் சொல்லிப் பதில் சொல்ல வைக்காமல் விடமாட்டேன் அக்கா. அதுவரை தினமும் அவர் வாசல் திறக்கும்போது நான் எதிரே நிற்பேன்.

உன் ஆறாத தங்கச்சி