கிணற்றடி எஞ்சின்

பரளச்சி
1946, கார்த்திகை

என் அன்புள்ள ஞானப்பூவுக்கு,

உன் அமிர்தராஜ் எழுதுவது. நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். வடக்கன்குளத்தில் மழை உண்டா? மாமாவுக்கு இருமல் தணிந்ததா? அத்தை உன்னைக் குடம் தூக்க விடமாட்டார்கள் என்று தெரியும். நீதான் அவர்கள் கண்ணில் படாமல் தூக்குவாய். வேண்டாம். இங்கே ஐப்பசி முழுக்க ஒரு தூறல்கூட இல்லை. பருத்தி முழங்காலுக்கு வருமுன்னே காய்ந்துவிட்டது.

அடுத்த வாரம் வந்துவிடுவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். வரவில்லை. காரணம் சொல்லாமல் விட்டால் நீ வேறெதையாவது நினைத்துக் கலங்குவாய் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

தனுஷ்கோடி என்கிற இந்த ஊர்ப் பண்ணையாரின் மகன், தன்னுடைய எட்டு சிலிண்டர் பந்தயக் காரைப் பார்க்கச் சொல்லித்தான் என்னை ஆவணியில் அழைத்தார். அதன் எஞ்சின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கிற இரும்பு உடம்பு, பிளந்து கிடந்தது. ஒட்டவைக்க முடியாது, வேறொரு எஞ்சினிலிருந்து பிளாக்கை எடுத்து மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அதற்கான எஞ்சினைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். மார்கழியில் சென்னைப்பட்டணத்தில், யுத்தத்துக்காகப் போட்ட விமான மைதானத்தில் பந்தயம். அதில் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

எஞ்சின் தேடி நாள் ஓடியபோது, ஊருக்குப் போய் உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். சிரித்தார். மறுநாள் என் சாமான் பெட்டி அவர்கள் கொட்டகையில் பூட்டப்பட்டிருந்தது. பெட்டி போனால் போகட்டும் என்று பஸ்ஸுக்கு நின்றேன். இந்த வழியில் ஓடுவதெல்லாம் அவர்கள் பஸ்தான். அன்று தம்பி ஜான்ராஜுக்கு முறை இல்லை. கண்டக்டர் என்னைப் பார்க்காதவன்போலச் சீட்டுக் கிழிக்காமலே மணியடித்துவிட்டான். திருச்சுழி ரோட்டில் நடந்தேன். பண்ணை ஆள் கருத்தப்பாண்டி வண்டி பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, "என்ன மேஸ்திரி, சொல்லாமக் கெளம்பிட்டீக? ஏறுங்க. ஒங்க தம்பி ஜான்ராசு நம்ம பஸ்ஸுதான ஓட்டுறாரு, அவருக்கும் நல்லது கெட்டது இருக்குல்ல" என்றான். அடிக்கவில்லை, வையவில்லை. நான் ஏறிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஞானப்பூ. கறிச்சோறு வருகிறது. கயிற்றுக் கட்டில் தந்திருக்கிறார்கள். வாசலில் கருத்தப்பாண்டி உட்கார்ந்திருக்கிறான்.

கடைசியில் அதே ரக எஞ்சின்கள் மூன்று கிடைத்தன. ஒன்று, பட்டாளம் கழித்து விற்ற லாரியினுடையது, மதுரையில் வாங்கினார்கள். இரண்டாவது ஒரு பழைய பஸ்ஸினுடையது. அதை ஏற்கெனவே பலமுறை கடைந்து பெரிதாக்கியதில் சிலிண்டர் சுவர் அப்பளம்போல் இருந்தது. அதைத் தொடவே வேண்டாம் என்றேன். லாரி பிளாக்கில் சீமெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்புத் தூள் தூவினேன். வால்வு உட்காரும் இடத்திலிருந்து சிலிண்டருக்குள் மயிரிழைபோல் ஈரக்கோடு எழுந்தது. அங்கே வெடிப்பு.

மூன்றாவது, ஊருக்குத் தெற்கே பண்ணைக் கிணற்றில் இருக்கிறது. யுத்தத்தின்போது பருத்திக்குத் தண்ணீர் இறைக்க வைத்தது. உடைமரக் கரியைப் புகைத்து அந்த வாயுவில் ஓடுகிறது. எஞ்சினின் தலையை, அதாவது மேல்மூடியை, கழற்றிப் பார்த்தேன். சிலிண்டர் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தக் காருக்கென்றே வார்த்ததுபோல இருந்தது. பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் எத்தனையோ எஞ்சின் பிரித்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பருத்தி காய்ந்துவிட்டதால் பண்ணைக்கு அந்த எஞ்சினால் இப்போது உபயோகமில்லை. ஆனால் ஊருணி வற்றியபின், தெற்குக் குடியிருப்பு முழுக்க அந்தக் கிணற்றை நம்பித்தான் இருக்கிறது. அடியில் போட்ட துளையிலிருந்து எஞ்சின் உறிஞ்சினால்தான் தண்ணீர். கயிறும் வாளியும் எட்டாது. நான் எஞ்சினைப் பிரித்த அன்று பெண்கள் காலிக் குடத்தோடு தள்ளி நின்றார்கள். ஒச்சம்மாள் என்கிற ஒருத்தி மட்டும் கிட்டே வந்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன். "கழட்டுறதுன்னா முன்கூட்டியே சொல்லிப்புடுங்கய்யா. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நரிக்குடிப் பக்கம் போயிருறோம். ஆட்ட மட்டும் இங்கயே வித்துறணும்" என்றாள். அவ்வளவுதான். தலையைத் திரும்ப மாட்டி ஓடவிட்டேன். அவர்கள் குடங்களை நிறைத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம், எந்த எஞ்சின் ஆகும் என்று தனுஷ்கோடி கேட்டார். கிணற்று எஞ்சினைக் கரிப்புகை தின்றுவிட்டது, அது ஆகாது, லாரி பிளாக்கின் வெடிப்பைத் திருகாணியால் தைத்துவிட்டால் நிற்கும் என்று சொன்னேன். தையல் விட்டுப்போனால் என்னவாகும் என்றார். எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து எஞ்சின் சூடேறிப்போகும், ஓடுகிற வேகத்தில் பிஸ்டன் சிக்கினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், வண்டி எந்தப் பக்கம் போகும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது என்றேன். அதை மறைக்க மனம் வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி மேஸ்திரி, லாரி பிளாக்கையே போடுங்க. பந்தயத்துல எம் பக்கத்து சீட்டுல நீங்கதான் ஒக்காந்து வாரீக" என்றார்.

ஒன்றை ஒன்று கவ்வும்படி திருகாணிகளை இறக்கி, என் கைக்குத் தெரிந்த மட்டும் தைத்தேன். இதற்கு முன் எந்த எஞ்சினுக்கும் இவ்வளவு பொறுமையாக வேலை செய்ததில்லை. நேற்று அருப்புக்கோட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஆடுகளெல்லாம் சிதறி ஓடின. காது அடைத்துப்போகிற வேகம். இறங்கியதும் தனுஷ்கோடி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பச்சைப் பிள்ளைபோல் கண் கலங்கியது அவருக்கு. தன் அய்யா ஒருநாளும் தன்னை ஒரு வேலைக்கு லாயக்கு என்று சொன்னதில்லையாம், ஜெயித்துவிட்டு வந்து அவர் முன்னால் நிற்க வேண்டுமாம்.

அவர் உள்ளே போனபின் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஈரம். தையல் கசிகிறது. துடைத்து மாட்டிவிட்டேன். சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டனுப்பினார். இருக்கிறது என்றேன்.

இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? உண்மையைச் சொன்னால் அந்த சீட்டிலிருந்து நான் இறங்கிவிடலாம். நாளைக்கே கிணற்று எஞ்சின் காருக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால் என்னோடு அவரும் அல்லவா அந்த வண்டியில் இருக்கிறார். அவருக்கும் தாய் இருக்கிறாள். பூட்டில்லாத அறையில்தான் இருக்கிறேன், எந்தப் பக்கம் எழுந்தாலும் சுவர் இடிக்கிறது. பந்தயத்துக்குள் இங்கே மழை பெய்து ஊருணி கொஞ்சம் நிறைந்ததாகச் சேதி வந்தால் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவேன். அதற்குப்பின் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். மழைக்காக நீயும் வேண்டிக்கொள். பங்குச் சாமியாரிடம் சொல்லி ஒரு பூசை வைக்கச் சொல். காரணம் கேட்டால், பரளச்சிக்கு மழை வேண்டும் என்று மட்டும் சொல்.

நாளை விடிந்ததும் பட்டணம் புறப்படுகிறோம். பண்ணை ஆட்களிடம் கடிதம் கொடுத்தால் தபாலுக்குப் போய்ச் சேராது. அதனால் இன்று ராத்திரி ஜான்ராஜ் பஸ் இங்கே நிற்கும்போது அவன் கையில் திணிக்கப்போகிறேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டாம். தெரிந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போவான்.

நீ தைத்துக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். பட்டணத்துக் குளிருக்கு அது போதும். அத்தை கொடுக்கிற கஷாயத்தை முகம் சுளிக்காமல் குடி. வலி கண்டால் மருத்துவச்சிக்குச் சொல்லியனுப்பத் தாமதிக்காதே.

இன்னும் ஒன்று, ஞானப்பூ. பிள்ளை பிறந்தால் நான் வந்து கையில் வாங்கியபிறகுதான் ஞானஸ்நானம் என்று ஊரிலிருந்து புறப்படும்போது பிடிவாதமாகச் சொன்னேன். மாமாவுக்கு அதில் வருத்தம் என்றுகூடத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். பெயரும் உன் விருப்பம்தான். பிறந்த மறுநாளே கோயிலுக்குத் தூக்கிப் போகச் சொல்.

உன்னையும் பிள்ளையையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உன்
அமிர்தராஜ்